தத்துப் பிள்ளையும் தர்மக் காரியமும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாயார் வந்து, "சாமி, அங்கவீனமான குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தால் அது பெரிய புண்ணியந்தானே?" என்று கேட்டார். அந்நிய தேசத்து அனாதை மடங்களிலிருந்து அப்படிப்பட்ட குழந்தைகளைக் கொண்டுவந்து வளர்க்கும் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். நல்ல மனதிலிருந்து வந்த கேள்விதான். ஆனாலும் அந்தப் "புண்ணியம்" என்ற சொல்லில் ஒரு பிசகு இருக்கிறது.

தர்மம் செய்கிறவன் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகிறான். வாங்கினவனும் தன் வழியே போகிறான். பிள்ளையோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உங்கள் பெயரைத் தரிக்கிறது, உங்கள் சொத்தில் பங்கு கேட்கிறது, எதிர்த்துப் பேசுகிறது. அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில், நாம் சர்வேசுரனுடைய சுவீகாரப் பிள்ளைகள் என்று போதிக்கும்போது, பிள்ளைகளானால் சுதந்தரவாளிகளும் ஆவோம் என்று உடனே சேர்த்துச் சொல்கிறார். ஞானஸ்நானத்தில் ஆண்டவர் நமக்குப் பிச்சை போடவில்லை, உரிமை கொடுத்தார். அர்ச். சூசையப்பரையும் நினைத்துப் பாருங்கள். அவர் பாலனுக்குச் சேசு என்று பெயரிட்டார். பெயரிடுவது தகப்பனுடைய உரிமை. அப்படிப் பெயரிட்ட பின்தான் எகிப்துக்கு ஓடிய இராப் பயணமும் நாசரேத்தூரில் தச்சு வேலையும்.

மேற்சொன்ன தாயாருக்கு நான் சொன்ன ஒரு சம்பவத்தை உங்களுக்கும் சொல்கிறேன். செர்னோபில் அணு உலை 1986-ம் வருடம் வெடித்தது. மூன்று வருடம் கழித்து, 1989-ல், உக்ரேன் தேசத்தில் ஒக்ஸானா என்ற பெண் குழந்தை பிறந்தது. கால்கள் இரண்டும் ஒரே நீளமில்லை. உடலைத் தாங்கும் கணைக்கால் எலும்பு இல்லை. கைகளில் பெருவிரலும் இல்லை. கதிரியக்கத்தின் விளைவு என்று வைத்தியர்கள் கருதினார்கள். குழந்தை அனாதை மடத்தில் விடப்பட்டு, ஏழு வயது தாண்டும்வரை மூன்று மடங்களில் வளர்ந்தது. அமெரிக்காவில் கே மாஸ்டர்ஸ் என்ற மணமாகாத பேராசிரியை ஒருவர் அதன் புகைப்படத்தைப் பார்த்து, இதுவே என் மகள் என்று தீர்மானித்தார். அந்நியருக்குத் தத்துக் கொடுப்பதை உக்ரேன் அப்போது நிறுத்தி வைத்திருந்ததால், ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்து, 1997-ல் மகளை அழைத்துப் போனார். அதன் பின்னும் சுலபமில்லை. ஒன்பது வயதில் ஒரு காலையும் பதினாலு வயதில் மற்றக் காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. விரல்களைப் பெருவிரல்போல் இயங்கச் செய்யவும் சத்திர சிகிச்சை நடந்தது.

அந்தப் பெண் பிற்பாடு படகோட்டியும், பனியில் சறுக்கியும், கையால் மிதிவண்டி ஓட்டியும், 2024-ம் வருடப் பாரிஸ் போட்டி முடிய, பாராலிம்பிக்கில் 19 பதக்கங்கள் பெற்றாள். இதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் தயக்கம். பதக்கத்தைப் பார்த்துப் பிள்ளையை மதிக்கிறவன் பதக்கம் வாங்காத பிள்ளையை என்ன செய்வான்? தத்தெடுக்கப்படும் அங்கவீனக் குழந்தைகளில் மிகப் பலர் எதிலும் ஜெயிக்கப்போவதில்லை. சிலருக்குப் பேச்சே வராது. அந்தத் தாய் இரண்டு வருடம் காத்திருந்தபோது பதக்கம் ஏது? கையில் இருந்தது ஒரு புகைப்படம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேசம் விட்டுத் தேசம் நடந்த தத்துகளில் மோசடியும் நடந்திருக்கிறது. தென் கொரியாவிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகள் சிலருடைய பிறப்புத் தஸ்தாவேஜுகள் பொய்யாக எழுதப்பட்டன என்று அந்நாட்டு விசாரணைக் கமிஷன் 2025-ல் கண்டறிந்தது. 1993-ம் வருடத்து ஹேக் உடன்படிக்கை, முதலில் பெற்ற குடும்பம், பிறகு சொந்த நாட்டில் ஒரு குடும்பம், அதுவும் இல்லையென்றால்தான் அந்நிய நாடு என்று வரிசை வகுத்தது இதனால்தான். சீனா 1992 முதல் அந்நியருக்குத் தத்துக் கொடுத்துவந்தது. பிற்காலத்தில் அங்கிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ஊனமுள்ள குழந்தைகள். 2024 செப்டம்பரில் அது அநேகமாய் முழுதும் நிறுத்தப்பட்டது. பிள்ளை இன்னதென்று குறிக்கப்பட்டுக் காத்திருந்த நூற்றுக்கணக்கான அமெரிக்க வீடுகளில் கட்டில் வெறுமையாய் நின்றது.

இனி நம் காரியம். அந்நிய தேசத்தவருக்கு "வெளிநாட்டு அனாதை மடம்" என்பது நம் நாட்டு மடமும்தான். 2018-19-ல் இந்தியாவில் தத்துப்போன குழந்தைகளில் 3,374 பேர் உள்நாட்டு வீடுகளுக்கும், 653 பேர் வெளிநாட்டு வீடுகளுக்கும் போனார்கள். கடல் தாண்டிப் போகிறவர்களில் ஊனமோ நோயோ உள்ளவர்கள் அநேகர். நம்மவர் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்ட குழந்தைகள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

முன்பு நாம் சட்டத்தைச் சாக்குச் சொல்லலாம். 1956-ம் வருடத் தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே. கிறிஸ்தவர்களுக்கு 1890-ம் வருடத்துச் சட்டப்படி கார்டியன் உரிமைதான். பிள்ளை சட்டத்தில் பிள்ளையாகாது. 2000-ம் வருடச் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ம் வருடத் திருத்தமும் வழி திறந்தன. 2015-ம் வருடச் சட்டப்படி, உத்தரவு ஆன தேதி முதல் அது எல்லாக் காரியத்துக்கும் உங்கள் பிள்ளை. உத்தரவு தருகிறவர் இப்போது மாவட்ட ஆட்சியர். தரகரிடமோ ஆஸ்பத்திரி ஆளிடமோ பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது குற்றம்; பாவமும்கூட. பெற்றவள் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாதம் தவணை உண்டு. அவள் வருவாளோ என்று எரிச்சல்படாதேயுங்கள்.

திருச்சபைச் சட்டமும் அரசாங்கச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையை உங்கள் சொந்தப் பிள்ளையாகவே கொள்கிறது. ஆகையால் அதற்கும் உங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் மெய்விவாகம் கூடாது. கண்டெடுத்த குழந்தை ஞானஸ்நானம் பெற்றதா என்று விசாரித்துத் தெரியாமற்போனால் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாயார் போகும்போது, "பேர் எப்படி எழுதுவீர்கள், சாமி?" என்று கேட்டார். ஞானஸ்நானப் புத்தகத்தில் தாய் தகப்பன் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் வரும் என்றேன். ஆட்சியர் உத்தரவின் நகலைக் கொண்டுவந்தால் போதும்.