பழைய லாரி: என்ஜின் வேலையா, மாற்று என்ஜினா, புது வண்டியா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய லாரி லோடோடு மேட்டில் ஏற மறுக்கிறது, புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால், "என்ஜின் முடிஞ்சுபோச்சு ஓனர், இறக்கிடலாம்" என்கிறார் மேஸ்திரி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கட்டத்துக்கு வருவார்கள். முன்னால் நான்கு வழிகள் உண்டு: மேல் வேலை மட்டும் பார்ப்பது, முழு என்ஜின் வேலை பார்ப்பது, வேறு என்ஜின் வாங்கி வைப்பது, வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது எடுப்பது.

இதில் எது லாபம் என்பதை என்ஜினைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வண்டிக்குச் சட்டப்படி இன்னும் எத்தனை வருடம் மிச்சம், அது எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புக்

நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம். மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடம். 2014-இல் பதிவான 10 சக்கர டாரஸ் 2029 வரை நேஷனல் பெர்மிட்டில் ஓடலாம். அதே வருடம் பதிவான 6 சக்கர வண்டிக்கு 2026-உடன் அந்தக் கதை முடிகிறது. அதன் பிறகு மாநிலத்துக்குள் ஓட்டலாம், ஆனால் வாடகை வேறு, லோடு வேறு.

எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்த எஃப்.சி., அதன் பிறகு வருடாவருடம் வரும். 15 வருடம் கடந்த கனரக வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணமும் 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏறிவிட்டது. வடக்கே போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. டெல்லியில் பதிவாகாத பி.எஸ். 3 சரக்கு வண்டிகளை 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் விடுவதில்லை. பி.எஸ். 4 நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர், டெல்லி லோடை நம்பி என்ஜினுக்குப் பணம் போடக் கூடாது.

கோளாறு என்ஜினில்தானா?

இறக்குவதற்கு முன் சில சோதனைகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ஜின் சூடானபின் ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். லேசாக ஆவி வந்தால் கவலையில்லை. குபுகுபுவென்று அடித்துக்கொண்டு வந்தால், ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால் அதை முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

புகையின் நிறமும் துப்புக் கொடுக்கும். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் செட்டிங், டர்போ ஆகியவற்றில் ஒன்று. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் அது பிஸ்டன் ரிங் வழியாகவும் வரலாம், டர்போவின் சீல் வழியாகவும் வரலாம். டர்போவிலிருந்து வெளியே வரும் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் தேங்கி நின்று, ஷாஃப்ட்டும் ஆடினால், முதல் சந்தேகம் டர்போ மேல்தான். சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் பக்கம் பாருங்கள்.

நாசிலும் பம்பும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்க ஆகும் செலவு, முழு என்ஜின் வேலைச் செலவில் சின்னப் பங்குதான். அதைச் செய்யாமல் என்ஜினை இறக்கினால், புது செட் போட்டு ஏற்றிய என்ஜினும் அதே கறுப்புப் புகையைத் தள்ளும்.

மேல் வேலை

ஹெட்டை மட்டும் இறக்கி, வால்வு, வால்வு சீட், கைடு பார்த்து, ஹெட் முகத்தைச் சமப்படுத்தி, புது கேஸ்கட் வைத்து ஏற்றுவது. ஆயில் பிரஷர் நன்றாக இருந்து, மூடியில் அடிப்பு இல்லாமல், கம்ப்ரஷன் ஒன்றிரண்டு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் இது போதும். பெர்மிட்டுக்கு இரண்டு வருடத்துக்குள் மிச்சம் இருக்கும் வண்டிக்கும் இதுவே தகும். கீழே பேரிங் தேய்ந்து ஆயில் பிரஷர் விழுந்துவிட்ட என்ஜினில் மேல் வேலை மட்டும் பார்ப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

முழு என்ஜின் வேலை

இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் என்ஜினின் பிளாக் எப்படிப்பட்டது என்பது. லைனர் உள்ள பிளாக்கில் தேய்ந்த லைனரை எடுத்துவிட்டுப் புது லைனர், பிஸ்டன் செட் போடலாம். டாடா வண்டிகளில் பரவலாக வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜினுக்கு லைனர் கிடையாது. 102 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் பிளாக்கிலேயே குடையப்பட்டது. தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்; வரம்பு தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்க வேண்டும். ஆகவே அந்த என்ஜினில் மேஸ்திரியின் கையைவிட லேத்காரரின் கை முக்கியம். போர் கேஜ் வைத்து மேலும் கீழும் அளந்து காட்டாத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

கிராங்கை அரைக்கும்போது 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாக அண்டர்சைஸ் போவது வழக்கம். உங்கள் கிராங்க் ஏற்கெனவே எத்தனை முறை அரைக்கப்பட்டது என்று கேளுங்கள். கடைசிச் சைஸில் இருக்கும் கிராங்கை மறுபடி அரைப்பதற்குப் பதில் மாற்றிவிடுவது நல்லது. அரைப்பதற்கு முன் விரிசல் சோதனையும் கட்டாயம்.

பேரிங் பிடித்த என்ஜினாக இருந்தால் ஆயில் கூலரையும் ஆயில் குழாய்களையும் கவனியுங்கள். உலோகத் தூள் அங்கே தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் ஏற்றினால் புதுப் பேரிங்கையும் அது சீக்கிரமே தின்றுவிடும்.

உதிரிப் பாகங்களில் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட், ஆயில் பம்ப் ஆகியவை கம்பெனிப் பொருளாக, பில்லோடு இருக்கட்டும். ஹோஸ், பிராக்கெட், லைட், மட்கார்டு எல்லாம் லோக்கலில் வாங்கினாலும் தலை போகாது.

வேலை முடிந்து வந்த வண்டியை மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நிறுத்தி வைக்காதீர்கள். ரிங் படிவதற்கு மிதமான லோடு வேண்டும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள்; அந்த ஆயிலில்தான் தேய்மானத் தூள் எல்லாம் வரும்.

மாற்று என்ஜின்

பிளாக் வெடித்துவிட்டாலோ, கனெக்டிங் ராடு வெளியே வந்துவிட்டாலோ இந்த வழிதான். சில நேரம் நாள் கணக்குப் பார்த்தும் இதை எடுக்கிறார்கள். இறக்கி ஏற்றும் வேலை மட்டும் என்பதால் வண்டி ஷெட்டில் நிற்கும் நாள் குறையும்.

இதில் இரண்டு வகை. கம்பெனியோ அதன் டீலரோ புதுப்பித்து வாரண்டியோடு தரும் என்ஜின் விலை கூடுதல், ஆனால் நிம்மதி. காயலான் கடையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த என்ஜின் மலிவு, ஆனால் அதற்கு முன்னால் அது என்ன பாடுபட்டது என்பது யாருக்கும் தெரியாது. அதை ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, மூடியைத் திறந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அதே மாடல், அதே வகை என்ஜின்தான் வைக்க வேண்டும். புதிய என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். விற்றவரின் பில்லும், அந்த என்ஜின் இருந்த வண்டியின் பதிவு ரத்தான தாளும் இல்லாமல் வாங்கினால் எஃப்.சி.யில் மாட்டுவீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

மேம்படுத்துவதில் எது தகும்?

பம்பில் டீசலைக் கூட்டி இழுவை ஏற்றுவதுதான் ஷெட்டுகளில் அதிகம் கேட்கப்படும் வேலை. அதனால் புகை கூடும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், பிஸ்டன் உருகும். மணிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிய வண்டிக்கு அந்தக் கூடுதல் இழுவையால் நெடுஞ்சாலையில் பெரிய பயனும் இல்லை. ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒரு தகடு சேர்த்தால் வண்டி படியாமல் நிற்கும். பிரேக் அதே பிரேக்தான், ஆர்.சி.யில் எழுதிய எடையும் அதேதான். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் யூரியா கரைசல் அமைப்பைத் துண்டித்துவிடுவது சட்டவிரோதம்.

தகுந்த செலவு ரேடியல் டயர். நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறினால் சூடு குறையும், டீசலும் மிச்சமாகும், ரீட்ரெட்டுக்கும் கேசிங் நன்றாக நிற்கும். ஆனால் ஒரே ஆக்சிலில் நைலானையும் ரேடியலையும் கலக்கவே கூடாது. அடுத்தது பிரேக்கின் ஸ்லாக் அட்ஜஸ்டர், ஏர் லைன் கசிவு, வீல் அலைன்மென்ட். இவற்றுக்குச் செலவழித்த பணம் டயரிலும் டீசலிலும் திரும்பி வரும்.

மாதம் 6,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 3.5 கி.மீ. கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நாசில், பம்ப், டயர், அலைன்மென்ட் எல்லாம் சரிசெய்து அது 4 கி.மீ. கொடுத்தால், மாதம் சுமார் 214 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறக்குறைய 19,700 ரூபாய்.

புது வண்டி

2020 ஏப்ரல் முதல் விற்கப்படுபவை பி.எஸ். 6 வண்டிகள். டீசலோடு 32.5 சதவீத யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். ரோட்டோர மெக்கானிக்கால் பம்பைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, ஸ்கேனர் வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். 2025 செப்டம்பரில் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உதிரிப் பாகங்களுக்கும் அப்படியே குறைந்ததால், ரிப்பேர் பக்கமும் செலவு இறங்கியிருக்கிறது.

புது வண்டியின் பெரிய பலம் எடை. 2018 ஜூலையில் 10 சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. ஆர்.சி.யில் இன்னும் 25 டன் என்றே இருக்கும் பழைய வண்டி, ஒவ்வொரு நடையிலும் சட்டப்படி 3.5 டன்வரை வாடகையை விட்டுக்கொடுக்கிறது.

பலவீனம் டியூ. 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதம் ஏறக்குறைய 63,700 ரூபாய் கட்ட வேண்டும். மேலே சொன்ன அளவு டீசல் மிச்சமானாலும் டியூவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாக்கி நிற்கும். அதை ஈடுகட்ட மாதம் முழுக்க லோடு உறுதியாக வேண்டும். பழைய வண்டியை அரசு பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் உடைத்துச் சான்று வாங்கினால், புது வண்டியின் வரியில் 15 சதவீதம்வரை சலுகைக்கு மத்திய விதியில் இடம் உண்டு. காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் அதையும் விசாரியுங்கள்.

யாருக்கு எது?

மல்டி ஆக்சில் வண்டி, பெர்மிட்டுக்கு மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம், சேசிஸ் துருப்பிடிக்காமல் நேராக இருக்கிறது, தென்மாநிலங்களுக்குள் ஓட்டம்: முழு என்ஜின் வேலை பாருங்கள். பிளாக் போய்விட்டால் வாரண்டியுள்ள மாற்று என்ஜின்.

பெர்மிட்டுக்கு இரண்டு வருடத்துக்குள், அல்லது இனி உள்ளூர் ஓட்டம் மட்டும்: நாசில், பம்ப், மேல் வேலை, பிரேக். அதற்கு மேல் போக வேண்டாம்.

டெல்லி லோடு, எடைக்கு வாடகை, மாதம் முழுக்கச் சரக்கு தரும் பார்ட்டி கையில் உண்டு: புது வண்டி எடுங்கள். பார்ட்டி கையில் இல்லாமல் வண்டியை எடுத்துவிட்டு லோடு தேடுபவரிடமிருந்து அந்த வண்டியை ஃபைனான்ஸ்காரர் எடுத்துக்கொள்வார்.

எந்த வழியானாலும், எந்தப் பாகம், என்ன சைஸ், எந்தக் கம்பெனி, எத்தனை நாள் என்று ஷெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.