எழுந்து நிற்கும் பலம்

முதுமையில் ஒருவர் பிறர் துணையின்றி வாழ முடிகிறதா என்பதை அறிய மருத்துவர்கள் ஆறு காரியங்களைப் பார்ப்பார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1963-ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் வெளியிட்ட பட்டியல் இது. பெரும்பாலோர்க்கு முதலில் துணை தேவைப்படுவது குளியலுக்குத்தான்.

சர்க்கரை, பக்கவாதம், மூட்டுவாதம், கண்புரை, மனச்சோர்வு என்று காரணங்கள் பல. இவற்றுக்கு வைத்தியரிடம் போகிறோம். தொடைத் தசை நலிவதை மட்டும் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறோம். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பும் பெரியவர் சுவரைப் பிடித்து நடப்பதில் வியப்பில்லை.

ஓடும் வண்டியைவிட நின்ற வண்டியைக் கிளப்பத்தான் இழுவிசை அதிகம் வேண்டும். ரயில்வேக்காரர் அனைவருக்கும் தெரியும். தினமும் பூங்காவில் நான்கு சுற்று நடப்பவர்கூடத் தாழ்ந்த சோபாவிலிருந்து எழக் கையூன்றுவதைப் பார்க்கலாம். நடை மட்டும் போதாது.

நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடற்திறன் குறைந்துள்ளது என்று ஆசிய நிபுணர் குழு 2019-ல் வரையறுத்தது. குறைந்தால் மீட்க முடியுமா? முடியும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதினருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-ல் எழுதினார்கள். வீட்டில் எடை வேண்டாம். அந்த நாற்காலியே போதும். பருப்பு, தயிர் குறையக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் மும்பை வீடுகளில் மருமகள் தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். பேரன் செருப்பை எடுத்து வைப்பான். அன்புதான். ஆனாலும் பெரியவர் நாளில் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுகிறவர்கள் உண்டு. அது ஆள் எடையைத் தாங்காது. தனியே கைப்பிடி போடுங்கள்; போல்ட் பூச்சோடு நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பெரியவரை உட்காரவைத்து, கை எட்டும் இடத்தைக் குறித்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.