துணி மண்டபத்தில் பிறந்த இசை

நுழையும்முன்

வணிகம் வேறு, கலை வேறு என்று எண்ணுவோர் பலர். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலோ, இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. அந்நகரின் கதையை அறிவோம், வாருங்கள்.

பெருவழிகள் சந்தித்த இடம்

லைப்சிக், ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்தில் உள்ளது. இங்கு 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். கடற்கரை இல்லாத இந்நகருக்குச் செல்வம் சாலைகளின் வழியே வந்தது. ஐரோப்பாவைக் கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் கடந்த இரு பெருவழிகள் இங்குதான் சந்தித்தன. இந்நகரின் சந்தைகளுக்கு 1497இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் சிறப்புரிமை வழங்கினார். துணியும் மென்மயிர்த்தோலும் நூல்களும் இங்கே விலைபோயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய முறை ஒன்று தோன்றியது. வணிகர்கள் சரக்கு முழுவதையும் சுமந்து வராமல், மாதிரிகளை மட்டும் காட்டி விற்பனையை உறுதிசெய்தனர். இன்றைய வணிகக் கண்காட்சிகளுக்கு அதுவே முன்னோடி.

வணிகர் வளர்த்த இசை

இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக், 1723 முதல் 1750இல் மறையும்வரை இந்நகரின் புனித தோமா தேவாலயத்தில் பணியாற்றினார். 1743இல் நகர வணிகர்கள் தம் பொருளை ஈந்து ஓர் இசைக்குழுவை அமைத்தனர். 1781இல் அக்குழுவிற்குத் துணி வணிகர் மண்டபத்தின் மேல்தளத்தில் அரங்கம் கிடைத்தது. 'கெவான்ட்ஹவுஸ்' என்னும் ஜெர்மன் சொல்லுக்குத் துணி மண்டபம் என்பதே பொருள். உலகப்புகழ் பெற்ற அவ்விசைக்குழு இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

நூல்களின் நகரம்

அச்சகங்களும் பதிப்பகங்களும் நிறைந்த லைப்சிக், ஜெர்மானியப் புத்தக வணிகத்தின் தலைநகராக விளங்கியது. ஜெர்மன் மொழி நூல்கள் அனைத்தையும் திரட்டும் நோக்குடன் 1912இல் இங்கு ஒரு பெரும் நூலகம் நிறுவப்பட்டது. 1943 டிசம்பரில் நிகழ்ந்த குண்டுவீச்சில் பதிப்பகங்கள் இருந்த பகுதி பேரழிவுக்கு உள்ளானது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்ற கார்ல் கிரௌல் என்னும் அறிஞர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அந்நூல் 1856இல் லைப்சிக்கில் வெளியானது.

மெழுகுவத்தி ஏந்திய மக்கள்

இரண்டாம் உலகப்போருக்குப்பின் லைப்சிக், கிழக்கு ஜெர்மனியின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்குப் பேச்சுரிமை ஒடுக்கப்பட்டது. திங்கள்தோறும் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் அமைதி வேண்டிக் கூடியோர், 1989இல் வீதியில் இறங்கினர். அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000 பேர் திரண்டனர். ஆயுதம் ஏந்திய காவலர்கள் ஆயத்தமாக நின்றனர். கெவான்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர் குர்ட் மாசூர் உள்ளிட்ட அறுவர், வன்முறை வேண்டாம் என இரு தரப்பினரையும் வேண்டினர். அவ்வேண்டுகோள் ஒலிபெருக்கிகளின் வழியே வீதியெங்கும் ஒலித்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

மீண்டெழுந்த நகரம்

விடுதலை வந்தபின் வறுமையும் வந்தது. பழைய ஆலைகள் மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை தேடி மேற்கே குடிபெயர்ந்தனர். பின்னர் மகிழுந்து ஆலைகளும் வானூர்திச் சரக்கு மையமும் இங்கு அமைந்தன. மக்கள்தொகை மீண்டும் பெருகியது. ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடைபெறுகிறது. பொருள் ஈட்டியோர் கலையைப் போற்றினர். இடுக்கண் வந்தபோது அக்கலைஞரே நகரின் குரலாயினர்.

சொல்லும் பொருளும்

பெருவழி – நெடுஞ்சாலை
மென்மயிர்த்தோல் – மென்மையான மயிருடன் பதப்படுத்திய விலங்குத்தோல்
இடுக்கண் – துன்பம்

வினாக்கள்

1. லைப்சிக் வணிக நகரமாக வளர்ந்தமைக்குக் காரணம் யாது?
2. 'கெவான்ட்ஹவுஸ்' என்னும் பெயர் உணர்த்தும் வரலாற்றை எழுதுக.
3. 1989 அக்டோபர் 9 அன்று அமைதி காக்கப்பட்டது எவ்வாறு?
4. நீங்கள் வாழும் நகரின் பழைய சந்தை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிக. அதன் வழியே அந்நகருக்கு வந்துசேர்ந்த மொழிகள், கலைகள், உணவுகள் குறித்து ஒரு பத்தி எழுதுக.