உற்பத்தியைக் கூட்டும் முன்: பொன்னேரி வட்டார ஆலைகளுக்கு ஐந்து வேலைகள்

மூன்று ஆண்டுகளில் உற்பத்தியை இரண்டு மடங்காக்குவது என்று கும்மிடிப்பூண்டியிலோ தேர்வாய் கண்டிகையிலோ ஓர் ஆலை முடிவெடுக்கிறது என்று வையுங்கள். இயந்திரத்துக்குக் கடன் கிடைத்துவிடும், வேலைக்கு ஆட்களும் கிடைப்பார்கள். கூடுதல் தண்ணீர் எங்கிருந்து வரும்? மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? கழிவு எங்கே போகும்? இவற்றுக்கு விடை இல்லாத விரிவாக்கத் திட்டம் அரைகுறைத் திட்டம்தான். சுற்றுச்சூழல் வேலையை உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவதோடு முடித்துவிடாமல், வளர்ச்சித் திட்டம் எழுதும் அதே தாளில் எழுதுங்கள். அதற்கான வழி இதோ.

1. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

1960களின் இறுதியில் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையை ஆராய்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் அமைத்தார்கள். சென்னையின் குடிநீருக்கும் வடசென்னை ஆலைகளுக்கும் அங்கிருந்து நீர் போனது. ஊறுவதைவிட அதிகமாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து, மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. அந்த இழப்பை இன்றும் சுமப்பவர்கள் இங்குள்ள விவசாயிகள். போர்வெல்லை நம்பி விரிவாக்கம் செய்வது ஊருக்குக் கேடு, ஆலைக்கும் ஆபத்து.

மாற்றுவழி பக்கத்திலேயே இருக்கிறது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அதாவது இன்றைய சிபிசிஎல், 1990களின் தொடக்கத்திலேயே சென்னையின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியது. சென்னையின் ஏரிகள் வறண்ட 2019இல், கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. மணலி, மீஞ்சூர் பக்கத்து ஆலைகளுக்காகவே அமைந்தது அது.

உங்கள் ஆலையில் முதல் வேலை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மீட்டர் பொருத்துவது. ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை மாதந்தோறும் எழுதுங்கள். உற்பத்தி இரண்டு மடங்காகியும் மொத்தத் தண்ணீர்ச் செலவு கூடக் கூடாது என்றால், டன்னுக்கான செலவு பாதியாக வேண்டும். இலக்கு அதுதான்.

2. சோலாருக்கு முன் கசிவை அடைத்துவிடுங்கள்

கூரையில் சோலார் பலகை போடுவது நல்லதுதான். அதற்கு முன், இயந்திரங்கள் ஓடாத ஒரு விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி லோடு எடுத்தால் குழாயில் கசிவு இருக்கிறது. பராமரிப்பு இல்லாத ஆலைகளில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படியே வீணாகலாம். அடுத்து, பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போகிறதா, உச்ச நேரத்தில் எந்த வேலையைத் தள்ளிவைக்கலாம் என்று இபி பில்லை வைத்துப் பாருங்கள். உருக்கு ஆலையாக இருந்தால், பில்லெட் ஆறுவதற்குள் ரோலிங்குக்கு அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள். மறுபடி சூடாக்கும் எரிபொருள் மிச்சமாகும்.

3. கார்பன் கணக்கை நீங்களே போடுங்கள்

முதல் கணக்குக்கு ஆலோசகர் தேவையில்லை. மின்வாரிய மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. மாதம் ஒரு லட்சம் யூனிட் எடுத்தால் சுமார் 70 டன். இதை உற்பத்தி டன்னால் வகுத்தால், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஓர் எண் கையில் வந்துவிடும்.

4. வாங்குகிறவர் கேட்பதற்குள் தயாராகுங்கள்

செபி விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் எனும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். அவர்களுக்குப் பொருள் தரும் சிறிய ஆலையிடமும் கேள்வி வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் இரும்பு, உருக்கு, அலுமினியத்துக்குக் கார்பன் கணக்கு 2023 அக்டோபரில் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பும் சேர்ந்துவிட்டது. உண்மைக் கணக்கைத் தராவிட்டால் ஒன்றியம் வைத்திருக்கும் பொது மதிப்பை எடுத்துக்கொள்ளும். நன்றாக நடக்கும் ஆலைக்கு அது நஷ்டம்.

5. பொறுப்பையும் பணத்தையும் பிரித்துக் கொடுங்கள்

இந்த இலக்குகளைச் சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவர் தலையில் கட்டாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் உற்பத்தி மேலாளரின் மாத ஆய்வில் வரட்டும். உருக்கு ஆலை வாங்கும் ஸ்கிராப்பின் தரம் பர்சேஸ் பிரிவின் பொறுப்பாகட்டும். சிறு, குறு, நடுத்தர ஆலைகளுக்கு குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கான மத்திய அரசின் 'ஜெட்' சான்றிதழ்த் திட்டம் நல்ல தொடக்கம். சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீத மானியம் உண்டு.

இளம் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த வேலை இன்னும் பல ஆலைகளில் யார் பெயரிலும் இல்லை. அதை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாத இபி பில், டீசல் ரசீது, டேங்கர் லாரி ரசீது மூன்றையும் ஒரு தாளில் சேர்த்து, உற்பத்தி டன்னால் வகுத்து, எந்தச் செலவை எப்படிக் குறைக்கலாம், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் முனையங்களில் ஒன்றாகப் பொன்னேரி தேர்வாகியிருக்கிறது. இன்னும் ஆலைகள் வரும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரை அவை தேடும். பழவேற்காடு மீனவருக்கும் பொன்னேரி விவசாயிக்கும் இடைஞ்சல் தராமல் ஓர் ஆலை வளர முடியும் என்று காட்டுவது, உங்கள் தொழில் வாழ்க்கையில் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய சாதனை.