அமைதியான படத்தைப் படிப்பது எப்படி?

எழுத்தைப் படிப்பதுபோல் படத்தையும் படிக்கலாம். அதற்கு நம் பேராக் மாநிலத்திலேயே நல்லதொரு பாடநூல் உண்டு. 1951ஆம் ஆண்டில் கோப்பெங் அருகேயுள்ள கோத்தா பாருவில் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் டத்தோ லாட், தம் இளமைக் காலத்தை வரைந்து 1979இல் வெளியிட்ட ‘தி கம்போங் பாய்’ என்னும் நூலே அது.

கறுப்பு மையால் வரைந்த பெரிய படங்கள். அவற்றோடு கையெழுத்தில் சில வரிகள். குழந்தை பிறக்கிறது, வீட்டுக்குள் வளர்கிறது, பின்னர் வெளியுலகைக் காண்கிறது. பெரிய நிகழ்ச்சி ஒன்றுமில்லையே எனத் தோன்றலாம். இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும்.

முதலாவதாக, அளவைக் காண்க. குழந்தையின் அருகே எவை பெரியனவாக நிற்கின்றன? அவையே அதன் உலகம். இரண்டாவதாக, எழுத்து கூறாததைப் படத்தில் தேடுக. வரிகள் அடக்கமாகப் பேச, நகைச்சுவையைப் படம் கூறும். மூன்றாவதாக, வரைந்தவர் யார் என எண்ணுக. இது சிறுவன் வரைந்ததன்று. ஊரைவிட்டுச் சென்ற இளைஞர் நினைவிலிருந்து வரைந்தது.

கதையில் தந்தை தம் ரப்பர் நிலத்தை மகனுக்குக் காட்டி, நன்றாகப் படித்தால் அது அவனுக்கே என்கிறார். மகனும் தேர்ச்சி பெற்று ஈப்போவிலுள்ள விடுதிப் பள்ளிக்குப் புறப்படுகிறான். அவ்வேளையில், அதே நிலத்தை ஈயச் சுரங்கத்தாருக்கு விற்கத் தந்தை எண்ணியிருப்பது தெரிய வருகிறது. இதனை அறிந்தபின் முதற்பக்கங்களை மீண்டும் புரட்டுக. கோடுகள் மாறவில்லை, ஆயினும் அவ்வீட்டின் அமைதி இப்போது நெஞ்சைத் தொடும். இழக்கப்போகும் ஒன்றை அன்புடன் காத்து வைத்த படம் அது என்பது விளங்கும்.

இப்பாடம் நமக்கும் உரியது. பேராக்கில் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது; லயங்கள் பல மறைந்துவிட்டன. பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, பால் வாளி, காண்டா, வாசலில் காத்திருந்த குழந்தை ஆகியவற்றை நம் பேரப்பிள்ளைகள் எங்கே காண்பர்?

ஆகவே, இவ்வாரம் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் பிறந்த லயத்து வீட்டைப் பிள்ளைகளுடன் அமர்ந்து வரையுங்கள். கோடு கோணலாயினும் குற்றமில்லை. அடுப்பு எங்கிருந்தது, தொட்டில் எங்கே தொங்கியது என்று அவர்கள் கேட்பார்கள். நீங்கள் கூறும் விடைகளை, ஆண்டுடன், படத்தின் கீழே எழுதச் செய்யுங்கள்.