பழைய பெட்டியில் கை பழகுங்கள்

மே மாதம் பிறந்தால் என் சர்வீஸ் கடைக்கு ஒரே சாயலில் பெட்டிகள் வர ஆரம்பிக்கும். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள், கூடவே முகம் வாடிய ஒரு பையனும் அவன் அப்பாவும். "இவனே அசெம்பிள் பண்ணினான் சார், ஆன் ஆக மாட்டேங்குது" என்பார் அப்பா. போன வாரம் வந்த பெட்டியில் மதர்போர்டின் ப்ராசஸர் சாக்கெட்டில் நாலைந்து பின்கள் வளைந்து கிடந்தன. இதற்கு வாரண்டி கிடைக்காது. பதினொன்றாம் வகுப்புப் பையன், தலை நிமிரவே இல்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தப்பான இடத்தில் தொடங்கச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பூட்டப் பழக என்னென்ன வழிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹார்டுவேர் கோர்ஸில் சேரலாம், கடையில் உதவிக்கு நிற்கலாம், பழைய மெஷினை வாங்கிப் பிரித்துப் பூட்டலாம், புதுப் பாகங்களை வாங்கி வீடியோ பார்த்துப் பூட்டலாம். கோர்ஸில் சேர்க்கும் பெற்றோர் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: ஒரு பெட்டிக்கு எத்தனை மாணவர்கள்? பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் சான்றிதழ் கிடைக்கும், கை பழகாது. நல்ல கடைக்காரர் அமைந்தால் கடையில் நிற்பது அருமையான வழி.

எனக்குக் கவலை தருவது நாலாவது வழி. இப்போது எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கும் விளக்குகளுக்கும் போய்விடுகிறது. மிச்சத்தில்தான் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் வாங்குகிறார்கள். மலிவான ஒன்றின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழேயுள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அந்த லைனில் கிடைப்பது 216 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் மெஷின் அணைந்துபோவது இதனால்தான்.

இன்னொரு பையன் விலை குறைவென்று ஐ5 12400எஃப் வாங்கி வந்தான். கிராபிக்ஸ் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸரில் டிஸ்ப்ளே கொடுக்கும் பகுதி இயங்காது. எல்லாம் சரியாகப் பூட்டியும் திரை கறுப்பாகவே இருந்தது. பாகங்களின் பொருத்தத்திலும் இதே குழப்பம்தான். ஒரே எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் இன்னொன்றில் உட்காராது. ரைசன் ப்ராசஸர்களின் ஏஎம்4 வகையில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். 2022இல் வந்த ஏஎம்5 வகையில் அவை போர்டுக்கு வந்துவிட்டன. வீடியோவில் இருப்பவர் கையில் ஒரு வகை, பையன் கையில் வேறு வகை.

இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பயத்தை என்ன செய்வது? ராமை இரண்டு ஓரத்திலும் நன்றாக அழுத்தினால்தான் க்ளிப் 'டக்'கென்று விழும். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பொருள் என்ற நினைப்பிருந்தால் கை எப்படி அழுத்தும்? ஆன் ஆகவில்லை என்று என்னிடம் வரும் பெட்டிகளில் பல, ராம் பாதி உட்கார்ந்தவை.

நான் பழகியது ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு பெண்டியம் 3 மெஷினில். கெட்டாலும் கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. அதனால் என் ஓட்டு எப்போதும் பழைய பெட்டிக்கே. சென்னை ரிச்சி தெருவில் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 போட்ட பழைய ஆபீஸ் மெஷின்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சில பிராண்டுகளில் வேறு அமைப்பு இருக்கும். விண்டோஸ் 11 இவற்றை முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் போட்டால் நன்றாக ஓடும்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு முழுதாகப் பிரியுங்கள். திருகுகளை டிபன் பாக்ஸ் மூடியில் வகைபிரித்து வையுங்கள். ஹீட் சிங்கைக் கழற்றினால் ப்ராசஸர் மேலிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். வேண்டுமென்றே ராமைக் கழற்றி ஆன் செய்து 'பீப்' சத்தத்தைக் கேளுங்கள். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்கிறான் என்பதற்காக உங்கள் பிள்ளையை இதில் தள்ளாதீர்கள். சிலருக்குத் திருப்புளி பிடித்ததுமே நேரம் போவது தெரியாது, சிலருக்கு இரண்டாம் நாளே சலிக்கும். இரண்டும் பிள்ளையைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் நல்ல தகவல்தான். ஒரு கோடை விடுமுறை பொறுத்திருந்து பாருங்கள். பத்துத் தடவை பிரித்துப் பூட்டியும் அலுக்காத பிள்ளைக்குப் புதுப் பாகங்கள் வாங்கிக் கொடுங்கள்.

பின் வளைத்த அந்தப் பையன் இப்போது சாயங்காலங்களில் கடைக்கு வருகிறான். ஒரு பழைய பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். நேற்று முன்பக்க சுவிட்ச் ஒயர்களை எந்தப் பின்னில் சொருகுவது என்று போர்டில் அச்சிட்ட பொடி எழுத்துகளை டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் ஆனது. நான் அருகில் போகவில்லை.