தண்ணி மெசின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பொறியைப் பாருங்கள்

ஆடி, ஆவணியில் ஊவாக் காற்று வீசத் தொடங்கினால் மண் ரெண்டே நாளில் காய்ந்துவிடும். அந்தக் காற்று தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கும். ஆனால் லயத்துக்குப் பக்கத்தில் போட்ட போஞ்சிக்கும் கரட்டுக்கும் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் போட்ட காசு போச்சு. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போகும்போது, "நேத்து நல்லாத்தானே ஓடுச்சி, இன்னைக்கு கயித்த இழுத்து கையே விட்டுப்போச்சி" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். மெசினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகுமுன் கால்மணி நேரம் இதைச் செய்து பாருங்கள்.

இந்தச் சின்ன எஞ்சினுக்கு பெட்டரி கிடையாது. கயிற்றை இழுக்கும்போது பிளைவீலில் உள்ள காந்தம் கொயிலைக் கடந்து போகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் தடித்த வயர் வழியாக வந்து பிளக் நுனியில் பொறியாகப் பாய்கிறது.

முதலில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி நேரம் அதுதான் காரணம்! அடுத்து ஒயில். சில எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் பொறியைத் தானாகவே நிறுத்தும் அமைப்பு உண்டு. நம்ம மலைச் சரிவில் மெசின் சாய்ந்து நின்றாலும் ஒயில் குறைந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். சமமான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து கரி பிடித்திருந்தால் பழைய பல் பிரஷால் துடைத்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மெசினை அப்படியே நிறுத்துவதால்தான் இது அதிகம் வருகிறது. நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். பிளக்கின் இடைவெளி பல தண்ணி மெசின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் புது பிளக்தான்.

இனிப் பொறியைச் சோதிக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. எண்ணெய்க் குழாயை மூடுங்கள், சிந்தியதைத் துடையுங்கள், பெற்றோல் கேனைத் தூரத்தில் வையுங்கள். காம்பராவுக்குள்ளோ இஸ்தோப்பிலோ இதைச் செய்யவே கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு லயத்தையே கொண்டுபோய்விடும். சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம்.

நிழலான வெளியிடத்தில் பிளக்கை வயர்த் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சின் இரும்பில் படவையுங்கள். பிளக் துவாரத்துக்குக் கிட்ட வேண்டாம், உள்ளேயிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் பிடித்தால் ஷொக் தூக்கிப் போடும்.

நீலப் பொறி சடசடவென்று வந்தால் பற்றவைப்பில் கோளாறு இல்லை, கார்புரேற்றரைப் பாருங்கள். வராவிட்டால் நல்ல பிளக் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கொயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் கோளாறு சுவிட்சில், ஒயில் அமைப்பில், அல்லது எலி கடித்த வயரில். அந்த வயர் இல்லாமல் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள், சுவிட்சால் நிறுத்த முடியாது.

அப்படியும் இல்லையென்றால் கொயிலும் பிளைவீலும் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்ட் கனத்துக்கு, சுமார் 0.4 மில்லிமீற்றர், இடைவெளி இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோங்கள். என்னென்ன சோதித்தீர்கள் என்று சொல்லிவிட்டால், தேவையில்லாமல் புது பிளக்குக்கு காசு கட்ட வேண்டி வராது.